சீசரின் வழியில் ஆறு நாள்

நாள் 1 – அலீஸ் சாந்த் ரென், பிரான்ஸ்

ஜூலியஸ் சீசரைத் தேடுகிறவர்கள் நேராக ரோமில் போய் இறங்குகிறார்கள். அவர் வளர்ந்த பேட்டை, கட்டிய மன்றம், குத்துப்பட்ட மண்டபம், எரிந்த இடம் எல்லாம் அங்கே ஒரு நாள் நடைக்குள் அடங்கிவிடும். அவர் எப்படி அவ்வளவு பெரிய ஆளானார் என்பது மட்டும் அங்கே கண்ணில் படாது. கி.மு. 58இல் கௌல் நாட்டுக்கு, அதாவது இன்றைய பிரான்ஸ் பக்கம், ஆளுநராகக் கிளம்பியபோது அவருக்கு நாற்பது கடந்திருந்தது. கழுத்து வரைக்கும் கடன். அன்றைய ரோமின் பெரிய தளபதியான பாம்பியின் போர்ப் புகழுக்கு முன்னால் அவர் பெயர் எடுபடவே இல்லை. படை, பணம், பெயர் மூன்றும் சேர்ந்தது கௌலில்தான். அதனால் பயணத்தை இங்கிருந்து தொடங்குவதே சரி.

வழி எளிது. திஜோன் நகரத்திலிருந்து வட்டார ரயிலில் லெ லோம் அலேசியா நிலையம் வரை வர வேண்டும். அங்கிருந்து அருங்காட்சியகத்துக்கு அரை மணி நேர நடை. ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் குறைவு, திரும்பும் வண்டியின் நேரத்தை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் சில வாரம் அருங்காட்சியகம் மூடியிருக்கும். மழை பெய்தால் சமவெளி முழுக்கச் சேறு, கணுக்காலைப் பிடிக்கும் காலணி வேண்டும்.

2012இல் திறந்த வட்ட வடிவக் கட்டடம் அது. உள்ளே போவதற்கு முன்னால் மொட்டைமாடிக்கு ஏறிவிடுங்கள். எதிரே மோன் ஓசுவா என்ற தட்டையான குன்று. வெர்சிஞ்செட்டோரிக்ஸ் தலைமையில் கௌல் படை அடைந்து கிடந்த அலேசியா அதன் மேல்தான் இருந்தது. மேற்கே லோம் சமவெளி. வடமேற்கே மோன் ரேயா. ரேயாவின் சரிவை நன்றாகப் பார்த்து வையுங்கள், கடைசி நாள் சண்டை அங்கேதான் நடந்தது.

கி.மு. 52. உள்ளே எண்பதாயிரம் பேர், முப்பது நாளுக்குத்தான் தானியம் என்று சீசரே எழுதியிருக்கிறார். குன்றின் மேல் ஏறித் தாக்காமல், சுற்றி வளைத்துப் பட்டினி போட முடிவு செய்தார். உள்வட்டம் 11 ரோமானிய மைல், அதாவது 16 கிலோமீட்டர். வெளியிலிருந்து உதவிப்படை வருகிறது என்று தெரிந்ததும் தன் முதுகைக் காக்க இன்னொரு வட்டம் போட்டார்: 14 மைல், சுமார் 21 கிலோமீட்டர். முற்றுகை போட்டவரே முற்றுகைக்குள் உட்கார்ந்தார்.

உள்வட்டத்தின் அமைப்பைக் குன்றுப் பக்கத்திலிருந்து வரிசையாகச் சொன்னால் புரியும். முதலில் 20 அடி அகலத்தில் செங்குத்தான கரைகளுள்ள அகழி. வேலையில் இருக்கும் வீரர்கள் மேல் எதிரி திடீரென்று பாயாமல் தடுக்க அது. அதிலிருந்து நன்றாகத் தள்ளி 15 அடி அகலத்தில் இரண்டு அகழிகள். பள்ளமான இடங்களில் உள் அகழிக்கு ஆற்றுத் தண்ணீரைத் திருப்பினார்கள். அதற்குப் பின்னால் 12 அடி உயர மண்கரையும் மரவேலியும். கரையும் வேலியும் சேரும் இடத்தில் மான்கொம்பு போலக் கிளைத்த மரங்களை வெளிப்பக்கம் நீட்டி வைத்தார்கள், ஏறி வருகிறவனைத் தடுக்க. 80 அடிக்கு ஒரு காவல் கோபுரம். ரோமானிய அடி நம் அடியைவிட ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் குறைவு, அதனால் அப்படியே மனசில் போட்டுக்கொள்ளலாம்.

இவ்வளவும் போதவில்லை. விறகு வெட்டவும் தானியம் திரட்டவும் படையில் ஒரு பகுதி வெளியே போனதும், உள்ளே இருந்தவர்கள் பாய்ந்து வந்து வேலையைக் கலைத்தார்கள். குறைந்த ஆட்களை வைத்து நீண்ட கோட்டைக் காக்க வேண்டும், அதற்குப் பொறிகள் வேண்டும். அருங்காட்சியகத்துக்கு வெளியே மீண்டும் கட்டி வைத்திருக்கும் கோட்டைப் பகுதியில் அவற்றைக் கிட்டத்தில் பார்க்கலாம்.

முதலில் ஐந்தடி ஆழப் பள்ளம். அதில் கூராகச் செதுக்கிய கிளைகளை அடியில் பிணைத்து, ஐந்து வரிசையாக நட்டார்கள். பிடுங்க முடியாது, நுழைந்தவன் தானே போய்க் குத்திக்கொள்வான். அடுத்து மூன்றடி ஆழக் குழிகள், மேலே அகன்று கீழே குறுகியவை. ஒவ்வொன்றிலும் தொடைப் பருமனுள்ள கட்டை. நுனியைச் சீவி, தீயில் வாட்டி, நாலு விரற்கடைக்கு மேல் நிலத்துக்கு வெளியே தெரியாதபடி நட்டது. கட்டை ஆடாமலிருக்க அடியில் ஓரடிக்கு மண்ணைப் போட்டு மிதித்து இறுக்கி, மீதிக் குழியைச் சுள்ளியும் புதரும் பரப்பி மறைத்தார்கள். எட்டு வரிசை, இடைவெளி மூன்றடி. குழிக்கு நடுவில் கட்டை நிற்கும் தோற்றத்தைப் பார்த்து வீரர்கள் அதற்கு அல்லிப் பூ என்று பெயர் வைத்தார்கள். அதற்கும் முன்னால் இரும்புக் கொக்கி அடித்த ஓரடிக் குச்சிகளை மண்ணோடு மண்ணாகப் புதைத்து, அங்கங்கே இறைத்துவிட்டார்கள்.

ஒரு குழியின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து பாருங்கள். கரியேறிய நுனி கண்ணுக்கு நேராக நிற்கும். இரவில் இதற்குள் கால் வைக்கிறவனின் கதியை அதற்கு மேல் விளக்க வேண்டாம்.

தோண்டிப் பார்த்ததில் எல்லா இடமும் சீசர் எழுதிய அளவில் இல்லை. நிலத்துக்குத் தக்கபடி அகழியும் பொறியும் மாறியிருக்கின்றன. அதை வைத்து அவர் பொய் சொன்னார் என்று முடிவு கட்டக் கூடாது. 37 கிலோமீட்டர் நீளத்தை வேறு வேறு அதிகாரிகள் பகுதி பகுதியாகக் கட்டினால் அப்படித்தான் அமையும்.

திட்டத்தில் ஓட்டை இருந்தது ஒரே இடத்தில். வடக்கிலிருந்த குன்றின் சுற்றளவு பெரிது என்பதால் அதை வளையத்துக்குள் கொண்டுவர முடியவில்லை. சரிவான, சாதகமில்லாத நிலத்தில் பாசறை போட வேண்டியதாயிற்று. அங்கே இரண்டு லெஜியனோடு (சில ஆயிரம் பேர் கொண்ட ரோமானியப் படைப்பிரிவு) இருந்தவர்கள் ரெஜினஸ், ரெபிலஸ் என்ற இரு தளபதிகள். உதவிப்படை அந்த ஓட்டையைக் கண்டுபிடித்தது. அறுபதாயிரம் பேரைத் தேர்ந்தெடுத்து, இரவில் நடந்து, குன்றுக்குப் பின்னால் பதுங்கி, நண்பகலில் மேலிருந்து இறங்கியது. சீசர் தன் துணைத் தளபதி லபியேனஸை ஆறு கோஹார்ட்டுகளோடு (லெஜியனில் பத்தில் ஒரு பகுதி) அங்கே அனுப்பினார். உள்ளே இருந்தவர்கள் சமவெளியைக் கைவிட்டுச் செங்குத்தான பக்கம் உடைக்க வந்த இடத்துக்கு முதலில் இளம் டெசிமஸ் புரூட்டஸை அனுப்பினார். கடைசியில் தானே, தூரத்திலிருந்தே தெரியும் தன் மேலங்கியோடு, களத்துக்கு வந்து வென்றார். அதற்கு முந்தைய இரவுத் தாக்குதலின்போது சமவெளிப் பகுதியைக் காத்தவர்கள் மார்க் ஆன்டனியும் டிரெபோனியஸும்.

ரெபிலஸ், லபியேனஸ், டெசிமஸ் புரூட்டஸ், ஆன்டனி, டிரெபோனியஸ். இந்த ஐந்து பெயரையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ரோமுக்குப் போகும் வரை வழியெல்லாம் திரும்பத் திரும்ப வருவார்கள். சுவடியில் மட்டும் இருக்கும் பெயர்கள் என்றும் நினைக்க வேண்டாம். டைட்டஸ் லபியேனஸின் பெயர் பொறித்த ஈயக் கவண்குண்டு இங்கே மண்ணிலிருந்தே கிடைத்திருக்கிறது.

குன்றின் மேல் வெர்சிஞ்செட்டோரிக்ஸ் சிலை நிற்கிறது. மூன்றாம் நெப்போலியன் 1865இல் வைத்தது, சுமார் ஏழு மீட்டர் உயரம். அது அவருடைய உண்மை முகம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சிலையைவிட, இரண்டு கோடுகளுக்கும் நடுவில் கிடக்கும் வெற்று நிலத்தைப் பார்க்கச் சொல்வேன். தானியம் தீர்ந்தபோது, ஊரின் சொந்தக்காரர்களான மண்டூபி மக்களைப் பெண்டு பிள்ளைகளோடு வெளியே அனுப்பினார்கள். அடிமைகளாகவாவது எடுத்துக்கொண்டு சோறு போடுங்கள் என்று அவர்கள் கெஞ்சினார்கள். சீசர் உள்ளே விடவில்லை. இதை எழுதி வைத்தவரும் சீசர்தான், ஒரு வாக்கியத்தில்.

நாள் 2 – தூரின்

இன்று பெரும்பாலும் ரயில். திஜோன், லியோன், ஆல்ப்ஸ் கடந்து தூரின். காலை முதல் வண்டியைப் பிடித்தால்தான் மூடுவதற்கு முன் அரச அருங்காட்சியகத்தின் தொல்பொருள் பிரிவுக்குள் நுழைய முடியும். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை உண்டு, பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். முடியாவிட்டால் இரவு தங்கிக் காலையில் பார்க்கலாம்.

பார்க்க வேண்டியது ஒரே ஒரு தலை. ரோமுக்கு அருகே டஸ்குலம் என்ற இடத்தில் 1825இல் எடுத்தது. சீசர் உயிரோடு இருந்தபோது செதுக்கிய முகத்துக்கு மிக நெருக்கமானது என்று அறிஞர்கள் மதிப்பது இதைத்தான். முன்தலை வழுக்கை, கழுத்தில் சுருக்கம், ஒட்டிய கன்னம். பக்கவாட்டில் நின்று உச்சந்தலையைப் பாருங்கள், நடுவில் அமுங்கியிருக்கும். அழகுபடுத்தும் சிற்பி அப்படிச் செய்ய மாட்டான். கி.மு. 44இல் அடித்த வெள்ளி டினாரியஸ் காசில் இருக்கும் முகமும் இதே முகம். காசைச் சுற்றியுள்ள எழுத்து ‘சீசர், நிரந்தர டிக்டேட்டர்’, அதாவது முழு அதிகாரமும் கையில் உள்ள ஆட்சியாளர்.

ரோமின் காசில் உயிரோடு இருக்கும் ரோமானியர் ஒருவரின் முகம் வந்தது அதுவே முதல் முறை. அதுவரை தெய்வங்களும் முன்னோர்களும்தான். கோவை வட்டாரத்தில் புதையலாகக் கிடைத்த ரோமக் காசுகளில் பிற்காலப் பேரரசர்களான அகஸ்டஸ், டைபீரியஸ் முகங்களைப் பார்த்திருப்போம். ஆளுகிறவன் முகத்தைக் காசில் போடும் பழக்கம் ரோமில் தொடங்கியது இந்த வழுக்கைத் தலையிலிருந்துதான். அந்தக் காசு வந்து சில வாரங்களில் அவர் உயிர் போனது.

நாள் 3 – சவிஞ்ஞானோ, ரிமினி

பொலோஞ்ஞாவிலிருந்து ரிமினி போகும் வட்டார ரயில் சவிஞ்ஞானோ சுல் ருபிகோனேயில் நிற்கும். விரைவு வண்டிகள் நிற்காது. பெட்டி படுக்கையை ரிமினியில் போட்டுவிட்டுத் திரும்பி வந்தால் கால் மணி நேரம்தான்.

ரூபிக்கன் ஆற்றைப் பார்த்ததும் பலருக்கு முகம் வாடும். நம் ஊர் வாய்க்கால் அளவுக்கு ஓடும் தண்ணீர். அதன் மேல் கல்பாலம். பாலம் ரோமானியக் காலத்தது. 1944இல் பின்வாங்கிய ஜெர்மானியப் படை தகர்த்ததை மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். ஆற்றின் பெயரும் பழையதில்லை. ஃபியூமிச்சீனோ என்று இருந்ததை 1933இல் முசோலினி ஆட்சி ரூபிக்கன் என்று மாற்றியது. பிசியத்தெல்லோ, ஊசோ என்ற பக்கத்து ஓடைகளுக்கும் அந்த உரிமை உண்டு என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். கடற்கரைச் சமவெளியில் ஓடைகள் தடம் மாறிக்கொண்டே இருக்கும், அதனால்தான் இந்தச் சிக்கல்.

ஆற்றின் அகலம் முக்கியமில்லை, அது எல்லை. வடக்கே சீசரின் மாகாணம், தெற்கே இத்தாலி. ஆளுநர் படையோடு எல்லையைத் தாண்டினால் அரசுக்கு எதிரி. தாண்டாமல் படையைக் கலைத்துவிட்டுத் தனி ஆளாகப் போனால் அவர் மேல் வழக்குகள் காத்திருந்தன. பதவியில் இருக்கும் வரைதான் வழக்குப் போட முடியாது. அதனால் ஆளுநர் பதவியிலிருந்து நேராகக் கான்சல் என்ற உச்ச ஆட்சிப் பதவிக்குப் போக விரும்பினார், இடையில் ஒரு நாள்கூட வெறுமனே நிற்க முடியாது. ரோமின் ஆட்சி அவையான செனட் அதை மறுத்தது. கி.மு. 49 ஜனவரி 7இல் நெருக்கடித் தீர்மானம் போட்டது. அவர் பக்கம் பேசிய டிரிபியூன்கள் (மக்கள் சார்பு அதிகாரிகள்) ஆன்டனியும் குவின்டஸ் காசியஸ் லாஞ்சினஸும் ரோமிலிருந்து தப்பி வந்தார்கள்.

சீசர் கையில் அப்போது இருந்தது 13ஆம் லெஜியன் மட்டும்: சுமார் ஐயாயிரம் காலாட்கள், முந்நூறு குதிரைகள். மற்ற படைகள் ஆல்ப்ஸுக்கு அப்பால். அவர் காத்திருக்கவில்லை. செனட் பக்கம் நின்ற பாம்பி ஆள் திரட்டி முடிப்பதற்குள் பாய்ந்ததால்தான் இத்தாலி ஏறக்குறையச் சண்டையில்லாமல் கைக்கு வந்தது. ‘பகடை உருளட்டும்’ என்று அவர் சொன்னதாகப் பிற்காலத்தவர்கள் எழுதினார்கள். தன் உள்நாட்டுப் போர்க் குறிப்பில் சீசர் இந்த ஆற்றின் பெயரையே எடுக்கவில்லை.

அலேசியாவின் ஐவரில் முதல் விரிசல் இங்கேதான். சீசரின் வலக்கையாக இருந்த லபியேனஸ் அவரை விட்டுப் பாம்பியிடம் போனார். அவருடைய பெட்டிகளையும் பணத்தையும் சீசர் பின்னாலேயே அனுப்பி வைத்தார். கி.மு. 45 மார்ச் 17இல் ஸ்பெயினில், முண்டா போரில், லபியேனஸ் சீசரை எதிர்த்து நின்று இறந்தார்.

ஒரு சின்னத் திருத்தம். ஜனவரி என்றதும் பனியில் நடுங்கும் படையைக் கற்பனை செய்கிறோம். அப்போதைய ரோமானிய நாட்காட்டி பருவத்துக்கு ஏறக்குறைய ஏழு வாரம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது. உண்மையான பருவம் இலையுதிர் காலத்தின் முடிவு. இடைமாதம் சேர்த்து நாட்காட்டியைச் சரிக்கட்ட வேண்டியது தலைமைப் பூசாரிக் குழுவின் வேலை. அதன் தலைவர் சீசரேதான், ஆனால் பல ஆண்டுகளாகக் கௌலில். பிறகு கி.மு. 46ஐ 445 நாள் கொண்ட ஆண்டாக நீட்டிக் கணக்கை நேர் செய்து, அடுத்த ஜனவரி முதல் 365 நாளும் நாலாண்டுக்கு ஒரு மிகைநாளும் என்று வகுத்தார். நம் சுவரில் தொங்கும் காலண்டரின் அடிப்படை அதுவே.

ரிமினியில் பியாத்ஸா த்ரே மார்த்திரி பழைய மன்றம். படையிடம் சீசர் பேசியதாகச் சொல்லப்படும் இடத்தில் ஒரு கல் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் வைத்தது என்பதை மறக்க வேண்டாம். அங்கிருந்து ஒரே நேர்த்தெருவில் ஒரு முனையில் கி.மு. 27இல் எழுந்த அகஸ்டஸ் வளைவு, மறுமுனையில் கி.பி. 21இல் முடிந்த டைபீரியஸ் பாலம். இரண்டும் சீசருக்குப் பிந்தியவை. ஆனாலும் பாலத்தடியில் போய் ஐந்து வளைவுகளின் கற்களைத் தொட்டுப் பாருங்கள், ரோமானியக் கல்வேலை இவ்வளவு முழுமையாகக் கிடைப்பது அரிது.

நாள் 4 – ரோம்: சுபூரா, சீசர் மன்றம்

மெட்ரோ பி தடத்தில் கவூர் நிலையத்தில் இறங்கினால் மோன்தி பேட்டை. இது அன்றைய சுபூரா: நெரிசலான அடுக்குவீடுகள், கடைகள், இரைச்சல். உயர்குடிப் பெயரும் ஒடுங்கிய வருமானமும் உள்ள குடும்பத்தில் சீசர் இங்கே வளர்ந்தார். அவர் வீட்டுச் சுவர் என்று காட்ட எதுவும் மிஞ்சவில்லை. சும்மா நடந்து, பியாத்ஸா தெல்லா சுபூரா என்ற பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கினால் போதும்.

ஃபோரி இம்பெரியாலி சாலையின் நடைபாதையிலிருந்தே சீசர் மன்றம் தெரியும், கட்டணம் கிடையாது. காபிடோல் குன்றின் பக்கம் மூன்று தூண்கள் நிற்கும் மேடையைத் தேடுங்கள், வீனஸ் ஜெனட்ரிக்ஸ் கோயில் அது. சாலையே 1930களில் இந்த மன்றங்களின் மேல் போட்டது என்பதால் மன்றத்தின் ஒரு பகுதிதான் வெளியே தெரிகிறது. தூண்களும் சீசர் காலத்தவை இல்லை. பேரரசர் டிராஜன் கோயிலைத் திருப்பிக் கட்டி கி.பி. 113இல் அர்ப்பணித்தார், நிற்பவை அந்த வேலையைச் சேர்ந்தவை. மேடையிருக்கும் இடமும் அதன் ஓரத்துக் கடையறைகளின் அமைப்பும்தான் சீசருடைய திட்டம்.

நிலத்துக்கு மட்டும் பத்துக் கோடி செஸ்டர்ஸுக்கு (ரோமானிய நாணயம்) மேல் கொடுத்தார். சீசர் இரட்டிப்பாக்கிய பிறகும் ஒரு லெஜியன் வீரனின் ஆண்டுச் சம்பளம் 900 செஸ்டர்ஸ். ஆக, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களின் ஓராண்டுச் சம்பளம் இந்த நிலத்துக்குள் போயிருக்கிறது. எல்லாம் கௌலில் திரட்டிய பணம். கி.மு. 46 செப்டம்பர் 26இல் கோயிலைத் திறந்தார். வீனஸ் தன் குலத்தின் மூதாய் என்று அவர் குடும்பம் சொல்லிவந்தது.

இந்த மேடையில்தான் வீழ்ச்சி கண்ணுக்குத் தெரியத் தொடங்கியது. செனட் புதிய பட்டங்களை வாக்களித்துவிட்டு, அதைச் சொல்ல உறுப்பினர்கள் மொத்தமாக இங்கே வந்தார்கள். கோயில் முன்னால் உட்கார்ந்திருந்த சீசர் எழுந்திருக்கவில்லை. பிறகு உடம்பு சரியில்லை என்று காரணம் சொன்னார்கள், யாரும் ஏற்கவில்லை. ஒரு குடும்பத்துப் பெரியவர் வந்தாலே எழுந்து நிற்கும் மரபில் வளர்ந்த நமக்கு அந்தக் காயத்தின் ஆழம் சட்டென்று புரியும்.

அலேசியாவில் மோன் ரேயா சரிவைக் காத்த ரெபிலஸ் இந்தக் கட்டத்தில் மீண்டும் வருகிறார். கி.மு. 45 டிசம்பர் 31 காலையில் கான்சல்களில் ஒருவர் இறந்துபோக, மீதி இருந்த சில மணி நேரத்துக்கு ரெபிலஸைக் கான்சலாக்கினார் சீசர். அந்தக் கான்சல் பதவிக்காலத்தில் ரோமில் யாருமே சாப்பிடவில்லை என்று செனட் உறுப்பினரும் பேச்சாளருமான சிசரோ கசப்போடு எழுதினார். ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டாக இருந்துவந்த பதவி நண்பனுக்குக் கொடுக்கும் பரிசாகிவிட்டது. அடுத்த பிப்ரவரிக்குள் சீசர் நிரந்தர டிக்டேட்டர். டிக்டேட்டர் பதவி என்பது ஆறு மாதத்துக்கென்று ஏற்பட்டது. காலக்கெடு இல்லையென்றால் அதற்கும் அரச பதவிக்கும் வேறுபாடு இல்லை. பிப்ரவரி 15, லூபர்காலியா திருவிழாவில் ஆன்டனி அவர் தலையில் மணிமுடிப் பட்டத்தைச் சூட்டப்போனார். கூட்டம் முனகியது, சீசர் மறுத்தார், மறுத்ததும் கைதட்டியது.

நாள் 5 – லார்கோ அர்ஜென்டீனா

செனட் கட்டடத்தில்தான் சீசர் கொல்லப்பட்டார் என்று நினைத்து ரோமன் ஃபோரத்தில் இருக்கும் கூரியாவைப் படமெடுத்துக்கொண்டு போகிறவர்கள் ஏராளம். இடம் தவறு. பழைய கூரியா கி.மு. 52இல் கிளோடியஸ் என்ற அரசியல்வாதியின் உடலை எரித்த கலவரத்தில் தீப்பற்றியது. அதற்குப் பதிலாகச் சீசர் தொடங்கிய புதிய கூரியா கட்டி முடியவில்லை. அதனால் செனட் அங்கங்கே கூடியது. கி.மு. 44 மார்ச் 15இல் கூடியது பாம்பி கட்டிய நாடக அரங்கத் தொகுதியின் கிழக்குக் கடைசியிலிருந்த மண்டபத்தில்.

பியாத்ஸா வெனேத்ஸியாவிலிருந்து மேற்கே பத்து நிமிட நடை. சாலை மட்டத்துக்குப் பல மீட்டர் கீழே நான்கு கோயில்கள் தெரியும், 1920களின் கடைசியில் தோண்டியவை. 2023 முதல் கட்டணத்தோடு கீழே இறங்கி நடைமேடையில் போகலாம். ஆனால் பாம்பி மண்டபத்தைப் பார்க்கக் கீழே இறங்குவதைவிட மேலே மேற்குப்புறக் கம்பியோரம் நிற்பது நல்லது. வட்டமான கோயிலை முதலில் அடையாளம் காணுங்கள். அதன் முதுகுப்பக்கம், சாலைச் சுவரை ஒட்டி, பெரிய டூஃபா கற்களால் அடுக்கிய அடித்தளம் ஒன்று கிடக்கும். அதுதான் மண்டபத்தின் பின்பகுதி. மீதி சாலைக்கும் அர்ஜென்டீனா நாடக அரங்குக்கும் அடியில். காலை வெயில் கிழக்கிலிருந்து அந்தக் கல்மேல் விழும்போது பார்த்தால் அடுக்குகள் தெளிவாகத் தெரியும், பிற்பகலில் நிழலில் போய்விடும்.

அன்று காலை என்ன நடந்தது? மனைவி கல்பூர்னியா கெட்ட கனவு கண்டு தடுத்தார். சீசருக்கும் உடல்நிலை நன்றாக இல்லை, கூட்டத்தை ஒத்திவைக்க நினைத்தார். வீட்டுக்கு வந்து, செனட்டைக் காக்க வைப்பது அவமதிப்பு என்று பேசி அழைத்துப் போனவர் டெசிமஸ் புரூட்டஸ். வாசலில் ஆன்டனியை நிறுத்திப் பேச்சுக் கொடுத்து உள்ளே விடாமல் வைத்தவர் டிரெபோனியஸ். எட்டு ஆண்டுக்கு முன் அலேசியாவின் இருட்டில் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே கோட்டைக் காத்த இருவர், ஆன்டனியும் டிரெபோனியஸும், இந்த வாசலில் எதிரெதிரே நின்றார்கள்.

பாம்பி பக்கம் சண்டையிட்டு மன்னிக்கப்பட்ட மார்க்கஸ் புரூட்டஸையும் கேயஸ் காசியஸையும் (ரூபிக்கனுக்குத் தப்பி வந்தவர் வேறு காசியஸ்) எல்லோரும் சொல்கிறார்கள். அவர்கள் பழைய எதிரிகள், அவர்கள் திரும்பியதில் வியப்பில்லை. சீசரால் உயர்ந்தவர்கள் ஏன் திரும்பினார்கள் என்பதே கேள்வி. டிரெபோனியஸ் முந்திய ஆண்டுதான் கான்சலாக இருந்தார். டெசிமஸுக்குக் கி.மு. 42க்கான கான்சல் பதவி ஒதுக்கியாயிற்று. இருவருக்கும் பதவி கிடைத்தது, ஆனால் மக்கள் மன்றத்தில் போட்டியிட்டு வென்ற பெருமை கிடைக்கவில்லை. ஒருவர் கையால் கொடுக்கும் பதவிக்கு ரோமானியப் பிரபு குடும்பத்தில் மதிப்பில்லை. மார்ச் 18இல் சீசர் பார்த்தியப் போருக்குக் கிளம்ப இருந்தார். போய்விட்டால் ஆண்டுக்கணக்கில் திரும்பமாட்டார், அத்தனை காலமும் அவர் நியமித்தவர்களே ஆளுவார்கள். அதனால்தான் அவசரம். காவலுக்கு இருந்த ஸ்பானியர்களைச் சீசர் ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தார்.

டிலியஸ் கிம்பர் மனுக் கொடுப்பதுபோல் நெருங்கித் தோளிலிருந்து டோகா என்ற மேலாடையை இழுத்தார். அதுதான் குறி. காஸ்கா பின்னாலிருந்து முதல் குத்து. சீசர் கையிலிருந்த எழுத்தாணியால் அவர் கையைக் குத்தினார். பிறகு எல்லோரும். நெருக்கத்தில் ஒருவரை ஒருவரே வெட்டிக்கொண்டார்கள். மொத்தம் 23 காயம். பரிசோதித்த மருத்துவர் ஆன்டிஸ்டியஸ், மார்பில் விழுந்த இரண்டாவது குத்து ஒன்றே உயிர் போக்கியது என்றார். பாம்பி சிலையின் காலடியில் உடல் கிடந்தது. பிறகு மூன்று அடிமைகள் பல்லக்கில் வைத்து, ஒரு கை வெளியே தொங்க, வீட்டுக்குத் தூக்கிப்போனார்கள்.

அந்த மண்டபத்தை அடைத்துப் பூட்டினார்கள். பாம்பி அரங்கின் வளைவை மட்டும் இன்றும் பார்க்கலாம்: காம்போ தெ ஃபியோரிக்குப் பக்கத்தில் வியா தி குரோத்தா பிந்தா தெருவில் வீடுகள் பிறைநிலா போல வளைந்து நிற்கும். அர்ஜென்டீனாவிலிருந்து சில நிமிட நடை. அந்த அரங்கத்துக்கும் மண்டபத்துக்கும் இடையில் தூண் வரிசையும் தோட்டமும் இருந்தன. நடந்து பார்த்தால்தான் பாம்பியின் கட்டடம் எவ்வளவு பெரிது என்று புரியும்.

நாள் 6 – ரோமன் ஃபோரம்

ஃபோரத்தைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. கொலோசியம், ஃபோரம், பாலடைன் சேர்ந்த சீட்டில் ஃபோரத்துக்குள் ஒரு முறைதான் நுழையலாம், வெளியே வந்தால் திரும்ப விடமாட்டார்கள். அர்ஜென்டீனாவைப் பார்க்காமல் இங்கே வந்தால், சாவுக்கு முன்னும் பின்னும் குழம்பிவிடும். மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம், வரிசையும் அதற்கேற்ற நீளம். கோடையில் நிழல் கிடையாது, குடிதண்ணீர்க் குழாய் உண்டு, காலிப் புட்டி கொண்டு போங்கள். கருங்கல் பாதை வழுக்கும்.

கூரியாவை இப்போது பாருங்கள். நிற்கும் செங்கல் கட்டடம் பேரரசர் டயோக்ளீஷியன் காலத்தது, கி.பி. 283 தீவிபத்துக்குப் பிறகு எழுந்தது. சீசர் தொடங்கிய இடம், அகஸ்டஸ் முடித்த கட்டடத்தின் இடம், அவ்வளவே. உள்ளே விடுவது சில நாட்களில் மட்டும், தனிச் சீட்டுக்கு. பசிலிகா ஜூலியா என்ற நீதிமன்றக் கூடத்தின் படிகளில் கீறியிருக்கும் ஆட்டக் கட்டங்களைத் தவறவிடாதீர்கள். காபிடோல் பக்கம் மேலே துலியானும் சிறை, அதற்கு வேறு சீட்டு. மேலறைத் தரையில் வட்டத் துளை, கீழே இருட்டறை. வெர்சிஞ்செட்டோரிக்ஸ் ஆறாண்டு பிடிபட்டுக் கிடந்து, கி.மு. 46 வெற்றி ஊர்வலத்தில் காட்சிப்பொருளாகி, கொல்லப்பட்டார்.

ஃபோரத்தின் மேற்கு முனையில் ரோஸ்ட்ரா, பேச்சு மேடை. சீசர்தான் அதை இந்த முனைக்கு மாற்றினார். அங்கே உடலை வைத்து ஆன்டனி பேசினார். உயில் ஏற்கெனவே ஊருக்குத் தெரிந்திருந்தது: குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் 300 செஸ்டர்ஸ், டைபர் ஆற்றுக்கு அப்பால் இருந்த தோட்டங்கள் பொதுமக்களுக்கு. ஒரு வீரனின் நாலு மாதச் சம்பளம் தலைக்கு. அதோடு இரண்டாம் நிலை வாரிசுகளில் ஒருவராக டெசிமஸ் புரூட்டஸின் பெயர் எழுதியிருந்தது. கொலைகாரன் பெயரை உயிலில் கேட்டதும் கூட்டம் கொதித்தது. சிதை மகள் ஜூலியாவின் கல்லறைக்குப் பக்கத்தில், மார்ஸ் திடலில், ஏற்பாடாகியிருந்தது. கூட்டம் அங்கே போக விடவில்லை. கையில் கிடைத்த பெஞ்சுகளையும் நாற்காலிகளையும் உடைத்துப் போட்டு இங்கேயே கொளுத்தியது. பெண்கள் நகைகளைக் கழற்றித் தீயில் போட்டார்கள், பழைய வீரர்கள் ஆயுதங்களைப் போட்டார்கள். அடுத்த ஆண்டுக்குள் டிரெபோனியஸும் டெசிமஸும் கொல்லப்பட்டார்கள், டெசிமஸ் கௌலில், ஆன்டனியின் விருப்பப்படி.

சிதை எரிந்த இடத்தில் சீசரின் வாரிசான ஆக்டேவியன் (பின்னாளில் அகஸ்டஸ்) கி.மு. 29 ஆகஸ்ட் 18இல் தெய்வீக ஜூலியஸ் கோயிலை அர்ப்பணித்தார். தூணோ கூரையோ எதுவும் மிஞ்சவில்லை. சிறிய நவீனத் தகரக் கூரையொன்று தெரியும், அதற்குக் கீழே சுவருக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள். மண்ணும் கல்லும் சேர்ந்து கட்டியான மேடு, பலிபீடத்தின் கரு. அதன் மேல் யாராவது வைத்துப்போன பூவும் சில்லறைக் காசும் எப்போதும் கிடக்கும். கூட்டம் இல்லாத நேரம் திறந்தவுடன்தான், பத்து மணிக்கு மேல் வழிகாட்டிக் குழுக்கள் அந்த இடுக்கை நிறைத்துவிடும்.

அந்தக் கூரையடியை விட்டு விலகிக் கிழக்கே திரும்புங்கள். ரேஜியா என்ற சிறு அடித்தளத்தைத் தாண்டினால், வெஸ்டா தேவியின் கன்னிப் பூசாரிகளின் மாளிகையை ஒட்டித் தாழ்ந்த சுவர்களும் தரைத் துண்டுகளும் தெரியும். தலைமைப் பூசாரியின் அரசு வீடு அது. கி.மு. 63இல் கடன் வாங்கித் தேர்தலில் நின்று வென்று சீசர் குடிவந்த வீடு. மார்ச் 15 காலையில் டெசிமஸ் வந்து அழைத்தது இதன் வாசலில், பல்லக்கு திரும்பி வந்ததும் இதே வாசலுக்கு. இங்கிருந்து சிதை எரிந்த மேட்டுக்கு நூறு மீட்டர்கூட இல்லை.